பக்கத்து வீட்டுக்காரரின் பாம்பு

தொண்ணூற்றெட்டில் ரவுண்ட் ராக் என்ற அமெரிக்க ஊரில் எங்கள் பக்கத்து அப்பார்ட்மென்டில் ஒரு மதுரைக்காரர் இருந்தார். நெட்டையானவர், ஒல்லியானவர். திடீரென்று எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார். பேசிக்கொண்டே குனிந்து சோபாவுக்கு அடியில் பார்ப்பார், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். நோட்டம் விடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள் தரையில் தவழ்ந்துகொண்டிருந்த என் மகளைச் சட்டென்று தூக்கிக்கொண்டார்.

“நேரா சொல்லுங்க, என்ன தேடுறீங்க?” என்றேன்.

“சாரி சிஸ்டர். நான் ஒரு பாம்பு வளக்குறேன், விஷமில்லாதது. கண்ணாடித் தொட்டி பெரிசா இருந்தாப் போதும்னு நெனச்சுட்டேன். அது ஒளிஞ்சுக்க எடமே வைக்கல. மூடிக்கு கிளிப் போடாம, மேல ரெண்டு புக்கத்தான் வச்சேன். தள்ளிட்டு வெளிய போயிருச்சு.”

அந்த வாரம் முழுவதும் மகளை நான் தரையில் விடவில்லை.

சனிக்கிழமை அவரே வந்து, “கெடச்சிருச்சு, வந்து பாருங்க” என்று அழைத்தார். தொட்டிக்குள் கவிழ்த்த மண்சட்டிக்கு அடியில் ஒரு பழுப்புப் பாம்பு சுருண்டிருந்தது. மூடியின் நான்கு பக்கமும் கிளிப் மாட்டியிருந்தார்.

“எங்க கெடச்சுது?”

“வீட்டுலதான்” என்றவர், என் முகத்தைப் பார்க்காமல் காபி போடப் போய்விட்டார்.

தப்பிப்போன பாம்பை நான் பார்த்ததே இல்லை. அவர் காட்டியது அதுதானா, கடையில் வாங்கிவந்த வேறொன்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.