ஆயுத பூஜையன்று நிறுத்திய காற்று

கிருமி மூச்சு விடுமா? அந்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் யாராவது என்னைக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். நடராசனை யாரும் கேட்கவே இல்லை.

நடராசன் விக்கிரவாண்டிக்காரர். பல வருஷம் ரைஸ் மில்லில் மெஷின் ஓட்டிவிட்டு, திண்டிவனம் பக்கத்தில் புதிதாக வந்த கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆபரேட்டராகச் சேர்ந்தார். அங்கே மரபணுவை மாற்றிய கிருமிகளைப் பெரிய டேங்கில் வளர்த்தார்கள். அவை சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகைத் தின்று, பெயிண்டுக்கு வேண்டிய ஒரு அமிலத்தைக் கொடுக்கும். இதுவரை பெட்ரோலியத்திலிருந்து எடுத்த சரக்கு அது. முதல் டேங்க் நன்றாக வந்தால் நடராசனுக்கு வேலை நிரந்தரம் என்று மேனேஜர் இனியவன் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதற்குள்ளாகவே நடராசனின் நடை மாறிவிட்டது. டீக்கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "கோடிக்கணக்குல உயிரு என்னை நம்பிக்கினு இருக்குதுபா" என்பார்.

"இங்க ஒரே ஒரு உயிரு ரேஷன் அரிசிக்கு உன்னை நம்பிக்கினு இருக்குது. ஜல்தியா எழுந்து வா" என்பார் அவர் மனைவி குப்பம்மாள்.

ஆயுத பூஜை வந்தது. அன்று மெஷினுக்கு ஓய்வு. ரைஸ் மில்லில் அதை அவர் ஒரு வருஷமும் மீறியதில்லை. டேங்கைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார். பிறகு கலக்கும் மோட்டாரையும் உள்ளே காற்று அடிக்கும் கம்ப்ரசரையும் பயபக்தியோடு நிறுத்தினார்.

"எல்லாம் ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்றார் பட்டு வேட்டியில் வந்த இனியவன். வெளிநாட்டில் இந்தக் கிருமி வளர்ப்பையே படித்தவர்.

"சாமி காரியம், சார். இன்னைக்கி ஓட்டினா குத்தமாயிடும்."

"கரெக்ட், கரெக்ட். பொரி எங்க?"

பூசணிக்காய் உடைந்தது. உள்ளே காற்றில்லாமல் கிருமிகள் செத்துக்கொண்டிருந்தன. மறுநாள் சாம்பிள் பிடித்தபோது அடித்த நாற்றத்தில் சாம்பிராணி வாசனை ஊரைவிட்டே ஓடியது.

ஹெட் ஆபீஸ் ஆட்களிடம் இனியவன் பூஜையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கிருமிகளுக்கு இந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அதை மேற்கொண்டு ஆராயச் சொல்லி, சம்பளத்தையும் கூட்டி, அவரையே புனேவுக்கு அனுப்பினார்கள்.

"சார், என் வேலை?"

"கிருமியே இல்லையே, நடராசன். உங்கள எதுக்குப் பர்மனன்ட் பண்றது?"

டேங்கைக் கழுவிக் கொடுத்ததோடு அவரை நிறுத்திவிட்டார்கள். பழைய ரைஸ் மில்லிலும் இடமில்லை. "வூட்ல ஃபேனக்கூட இப்பல்லாம் நிறுத்தறதில்ல" என்கிறார்.

இப்படிப்பட்ட கம்பெனிகள் நம் பக்கம் இன்னும் வரலாம். அங்கே வேலைக்குப் போகிற உங்கள் வீட்டு ஆட்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். பொட்டு வைக்கட்டும், பொரி தின்னட்டும், காற்றை மட்டும் நிறுத்த வேண்டாம். மேனேஜர் யாராவது கிடைத்தால் இரண்டு தடவை சொல்லுங்கள்.