அக்காவின் காலும் எதிர்க்கடை வைத்தியரும்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இன்றைய ஜெபத்துக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னார் அம்மா. நல்லதைத்தான் எழுதுகிறேன். சிலருக்கு அது கசக்கும்.

அக்கா அம்பத்தூரில் பிறந்தார். அப்பா பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். பள்ளியின் கோ-கோ அணியில் அக்காவை ஓடிப் பிடிக்க ஆள் கிடையாது. பத்தாம் வகுப்பில் வலது முட்டிக்கு மேலே வலி வந்தது. விளையாட்டில் பட்ட அடி என்று நினைத்தோம். படுத்தாலும் வலி விடவில்லை. பிறகு வீக்கம் கண்டது. பெரிய மருத்துவமனையில் படம் எடுத்து, எலும்பில் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள்.

டாக்டரம்மா அப்பாவை உட்காரவைத்து விளக்கினார். எலும்புப் புற்று ஒரே நோய் அல்ல. வேறு உறுப்பில் தோன்றி எலும்புக்குப் பரவுவது பெரியவர்களுக்கு அதிகம். எலும்பிலேயே பிறப்பதிலும் வகை உண்டு. குருத்தெலும்பில் தொடங்குவது பெரும்பாலும் வயது வந்தவர்களுக்கு. கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் இணங்கும் ஒன்று பிள்ளைகளுக்கு. அக்காவுக்கு வந்தது, வளரும் வயதில் முட்டியை ஒட்டித் தாக்கும் வகை. தொடை நடுவில் காலை எடுத்து, மருந்தும் ஏற்றினால் பிழைக்க வழி உண்டு, தாமதம் மட்டும் கூடாது என்றார்.

அப்பா சம்மதித்திருப்பார். அதற்குள் பெரியப்பா வந்துவிட்டார்.

"காலை எட்த்துட்டா பொண்ண எவன்டா கட்டுவான்? நசரத்பேட்டைல வைத்தியர் ஒர்த்தர் கீறாரு. எண்ணெக் கட்டுலயே கரைச்சிடுவாரு."

வைத்தியர் கட்டியை அழுத்தித் தேய்த்தார். அக்கா அலறினார். "வலிச்சாதான் கரையுதுன்னு அர்த்தம்" என்று சிரித்தார் அவர். மழைக்காலம் முழுவதும் அந்தச் சிரிப்பைப் பார்த்தோம். கடைசியில் அக்காவே கத்தரிக்கோலால் அந்த எண்ணெய்க் கட்டை வெட்டி எறிந்தார்.

"காலு போனா போவட்டும்பா. நான் கீறேன்ல? ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

அதற்குள் நோய் மேலேறிவிட்டது. இடுப்போடு காலை எடுக்க வேண்டியதாயிற்று. செயற்கைக் கால் பொருத்திச் சிரமமில்லாமல் நடக்க அரைத் தொடையாவது மிஞ்ச வேண்டும். அந்த அரைத் தொடையைத்தான் வைத்தியரின் எண்ணெய் தின்றது. வாழ்நாள் முழுக்க அக்காவுக்கு ஊன்றுகோல்தான்.

மருந்து ஏற்றிய மாதங்களில் முடி கொட்டியது, வாயெல்லாம் புண். டாக்டரம்மாவிடம் கேட்டு, குமட்டலுக்கு இஞ்சியும், வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிச் சாறும் அம்மா கொடுத்தார். அவை இதம் தரும், புற்றைக் கரைக்காது, பேர் தெரியாத சூரணமும் லேகியமும் ஊசி மருந்தோடு சேர்ந்து ஈரலைக் கெடுக்கலாம் என்று டாக்டரம்மா எச்சரித்தார். மூலிகையோடு அக்காவுக்குப் பகை இருந்ததில்லை. மூலிகையின் பேரால் சொன்ன பொய்யோடு இருந்தது.

ஊனமுற்றோருக்கு டெலிபோன் பூத் கொடுத்த காலம் வந்தது. அக்கா கேட்டு வாங்கிய இடம், வைத்தியர் கடைக்கு நேரெதிர்.

"எதுக்குடி அந்தாளு மூஞ்சில முழிக்கணும்?" என்றார் அம்மா.

"நான் முழிக்கல. அவரு முழிக்கட்டும்."

வீங்கிய முட்டியோடு யார் அந்தக் கடை வாசலில் இறங்கினாலும் அக்கா கூப்பிட்டுப் பேசுவார். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொல்லி, பெரிய மருத்துவமனைக்குப் போகும் பஸ் நம்பரையும் சொல்லுவார். கோவில்பதாகையிலிருந்து மகனைத் தூக்கிவந்த ஒரு தாய் அப்படியே திரும்பிப் போனார். அந்தப் பையன் பிழைத்தான். இன்று இங்கே வந்திருக்கிறான்.

வைத்தியர் ஒருநாள் பூத்துக்கே வந்து கத்தினார். "இன்னாம்மா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடுற?"

"நீங்க என் கால்ல கை வெச்சீங்களே, அத்தவிடவா வைத்தியரே?"

பிறகு வேறொரு நாள் அவரே தலைகுனிந்து வந்தார். அந்த ரோட்டில் வேறு போன் இல்லை. அக்கா நம்பரைச் சுழற்றிக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"டாக்டர் சார், எம் பொண்ணுக்கு முட்டில வீக்கம் சார். இல்ல சார், எண்ணெ கிண்ணெ எதுவும் போடல. போடுவனா சார்?"

அவர் போனை வைத்ததும் அக்கா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். கடையில் காத்திருந்தவர்களிடம் அந்த வார்த்தைகளை அவர் குரலிலேயே சொன்னார். பெஞ்சு காலியாயிற்று. அந்த மாதமே வைத்தியர் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார். அவர் மகளுக்கு எலும்பில் சீழ்தான், ஆறிவிட்டது என்று கேள்விப்பட்டு, "நல்லதாப் போச்சு. அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றார் அக்கா.

பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் நோய் தலைகாட்டியது. கடைசி நாட்களில் ஃபாதர், "எல்லாரையும் மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"பெரியப்பாவ மன்னிச்சிட்டேன் ஃபாதர். பாவம், பயந்துட்டாரு. வைத்தியரு தெரிஞ்சே பண்ணாரு. அவர என்னால முடியல."

எனக்குப் பெரியப்பாவையும் மன்னிக்க மனம் வரவில்லை. அடக்கத்தன்று பெட்டியைத் தூக்க அவர் தோள் கொடுத்தபோது விலக்கியவன் நான்தான். இந்த மலர் அவர் கைக்கும் போகும்.

டாக்டரம்மாவுக்கும், புண் கட்டிய நர்சுகளுக்கும், படியிலிருந்து இறங்கி வந்து அக்காவைக் கைகொடுத்து ஏற்றிய பஸ் கண்டக்டர்களுக்கும், கடைசி வாரங்களில் எங்களைச் சமைக்கவிடாத பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

வைத்தியர் வேறோர் ஊரில் கடை திறந்திருப்பதாகக் கேள்வி. எந்த ஊரென்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.

குடும்பத்தார் சார்பில்,
தம்பி