டவுன் பஸ்ஸின் முதல் படி

டயாலிசிஸ் தொடங்கிய புதிதில் அம்மா தானே நடந்து போய்க் கட்டிலில் படுத்துக்கொள்வாள். ஒரு வருடத்துக்குள், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே என் தோளைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. சிறுநீரகத்தின் வேலையை மெஷின் பார்த்துக்கொண்டது. கால்களின் வேலையை நான் பார்த்துக்கொண்டேன்.

அந்த வருடம், வீட்டிலிருந்தே மின் பேனல்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்த எங்களையெல்லாம் சென்னை ஆபீசுக்குத் திரும்பச் சொன்னார்கள். நான் கேட்டு வாங்கிய அவகாசம் தீபாவளி வரை. அப்பா இல்லை. அடி அண்ணாமலை வீட்டில் நாங்கள் இருவர்தான். செவ்வாயும் சனியும் டவுனில் இருக்கும் டயாலிசிஸ் யூனிட்டுக்கு அவளை ஸ்கூட்டியில் கூட்டிப்போவது நான். சனிக்கிழமைக்கு நான் சென்னையிலிருந்து வந்துவிடலாம். செவ்வாய்க்கிழமை அவள் தனியாகப் போயாக வேண்டும். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் எங்கள் தெருமுனையிலேயே நிற்கும். ஆனால் அதன் முதல் படி அம்மாவின் முழங்கால் உயரம்.

இன்னொரு சிக்கல், அவளுடைய இடது கை. மெஷினுக்கு ஊசி போடுவதற்காக அந்தக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. யாரும் அதைப் பிடித்து இழுக்கவும் கூடாது. அது கெட்டால் ரத்தத்தை மெஷினுக்குக் கொண்டுபோகும் வழி அடைபட்டுவிடும். ஆக, வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால் பலத்தில் ஏற வேண்டும். அந்தப் பலம்தான் இல்லை.

யூனிட்டுக்கு வாரம் ஒருமுறை வரும் பிசியோதெரபிஸ்டிடம் சொன்னேன். என்னைவிடச் சில வயது மூத்தவர். டாக்டரைக் கேட்டுவிட்டு அம்மாவின் கட்டிலருகே வந்தார்.

“தெனம் கொஞ்சம் எக்சர்சைஸ் பண்ணணும்மா.”

“கிட்னி போனவள போயி எக்சர்சைஸ் பண்ணச் சொல்றீங்களே மேடம். நான் இன்னா கபடி ஆடவா போறேன்?”

“பஸ் ஏறணும்னு சொன்னாங்களே உங்க பொண்ணு.”

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அவர் கொடுத்த பயிற்சிகள் இவை: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. சுவரைத் தொட்டபடி குதிகாலைத் தூக்கி நிற்பது. வாசற்படியில் ஏறி இறங்குவது. நடப்பது. நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால், மூச்சு முட்டினால் நிறுத்திவிட வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

முதல் மூன்றையும் முனகிக்கொண்டே செய்தாள். நடப்பதில்தான் தகராறு. எங்கள் வீடு, மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றிவரும் கிரிவலப் பாதையை ஒட்டியது. முதல் நாள் குபேர லிங்கக் கோயிலுக்குப் போகும் பக்கமாகச் சிறிது தூரம் நடந்ததும், திரும்பலாம் என்றேன். நின்றுவிட்டாள்.

“எப்பிடித் திரும்பறது?”

“வந்த வழியாதாம்மா.”

“மலைய எடது பக்கம் வெச்சிக்கினா? நான் வரமாட்டேன்.”

“வருஷம் பூரா அந்தப் பக்கமாதானே கழனிக்குப் போன?”

“அது வேலையா போறது. இது நடக்கணும்னே நடக்கறது. இந்த ரோட்ல நடக்கணும்னே நடந்தா அது கிரிவலந்தான். பாதில திரும்பினா மலைக்கு இன்னா மரியாத?”

வாதாட எனக்குத் தெம்பில்லை. அவளை ஒரு கடை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குப் போய் ஸ்கூட்டியை எடுத்துவந்தேன். ஸ்கூட்டியில் திரும்பியபோதும் மலை இடப்பக்கம்தான் இருந்தது. அதைக் கேட்டால், வண்டியில் போவது கணக்கில் வராது என்றாள்.

அதன்பின் தினமும் காலையில் அவள் முன்னால் நடப்பாள். நான் கால்களைத் தரையில் உரசியபடி ஸ்கூட்டியில் பின்னால் ஊர்வேன். அவளால் பேச முடிகிறதா என்று பார்க்க வேண்டியதும் இல்லை. வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே நடந்தாள்: உப்பில்லாத சாப்பாடு, அளந்து தரும் தண்ணீர், என் கல்யாணம். கடைக்கார அக்கா ஒருநாள் கேட்டாள்: “இன்னாக்கா, பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ள கெளம்பிட்ட? ஒரு டீ சாப்ட்டு போ.”

“டீயா? பின்னாடி வர்றா பாரு கலெக்டரு. அவ கிட்ட மனு குடு.”

சிரிக்க வேண்டிய இடம்தான். எனக்குக் கொட்டாவி வந்தது.

வீடு திரும்பி, அவளுக்கு மாத்திரை கொடுத்து, கஞ்சி வைத்து, லேப்டாப் முன் உட்காரும்போதே நாள் முடிந்துவிட்டதுபோல் இருக்கும். டயாலிசிஸ் நாட்களில் அவள் துவண்டு படுத்துவிடுவாள். ஒரு வாரம் வாசற்படியில் அழகாக ஏறுவாள். அடுத்த வாரம் காய்ச்சல் வரும், எல்லாம் போய்விடும். மறுபடி நாற்காலியிலிருந்து ஆரம்பிப்போம்.

தீபாவளிக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ்ஸில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். நான் கூடவே வருவேன், ஆனால் தொடமாட்டேன். பஸ் வந்தது. வலது கையால் கம்பியைப் பிடித்தாள், காலை வைத்தாள்.

“சீக்கிரம் ஏறும்மா,” என்றார் கண்டக்டர்.

“ஏறினுதான் இருக்கேன். லிப்டு வெச்சா கட்டியிருக்கீங்க?”

ஏறிவிட்டாள். இருக்கையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதே ஆபீசுக்கு எழுதிவிடலாம் போலிருந்தது.

திரும்பும்போது அப்படி நடக்கவில்லை. மெஷினிலிருந்து வந்த கால்கள் ஈரத் துணிபோல் இருந்தன. பாதம் படியில் ஏறியது, உடம்பு ஏறவில்லை. உள்ளே நின்ற ஒரு பெண், பாவம் என்று குனிந்து, அம்மாவின் இடது கையைப் பிடித்து இழுத்தாள்.

“அந்தக் கைய விடுங்கக்கா!” என்று கத்தினேன்.

பயந்துபோய் விட்டுவிட்டாள். அம்மா பின்னால் சரிந்து என்மேல் சாய்ந்தாள். பஸ் போய்விட்டது. நிழற்குடையில் அவளை உட்காரவைத்து, ஃபிஸ்டுலாமேல் விரல்களை வைத்தேன். ரத்தம் ஓடும் விர்ரென்ற அதிர்வு அங்கே இருக்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. காதை வைத்துக் கேட்டேன்.

“ஓடுதா?”

“ஓடுது.”

“அந்தப் பொம்பளைய திட்டாத. நல்லதுக்குத்தான் புடிச்சா.”

நான் யாரையும் திட்டவில்லை. ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.

அடுத்த முறை பிசியோதெரபிஸ்டிடம் நடந்ததைச் சொன்னேன். டயாலிசிஸ் முடிந்ததும் பிரஷர் இறங்கியிருக்கும், அப்போது படி ஏறிப் பார்க்கவே கூடாது என்றார். கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிரஷர் பார்த்துவிட்டு, ஆட்டோவில் வர வேண்டும்.

“போறது பஸ்ஸு, வர்றது ஆட்டோ. போதும்மா உங்களுக்கு.”

“அப்ப பாதி பாஸு,” என்றாள் அம்மா. அவர் முதுகு மறைந்ததும் என் பக்கம் திரும்பினாள். “பாதி போதும். நீ போ.”

தீபாவளிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நான் சென்னை ஆபீசில் இருந்தேன். பஸ் வரும் நேரத்தில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனையே பார்த்தேன். அடித்தது.

“ஏறிட்டேன். சீட்டும் கெடச்சிது. ஒரு பொண்ணு கை குடுக்க வந்தா. தொடாதம்மா, எனக்குக் கால் இருக்குதுன்னு சொல்லிட்டேன்.”

“சரிம்மா.”

“இன்னா சரிம்மா? வை. ஒரே சத்தமா இருக்குது.”

வைத்துவிட்டாள். வரைபடத்தில் எங்கே விட்டேன் என்று தேடினேன். இனி நான்கு மணி நேரம் மெஷின். பிறகு பிரஷர். பிறகு ஆட்டோ. அவள் திரும்பி வருவது இன்னும் பாக்கி இருந்தது.