கண்ணை மூடிக்கொண்டு வந்தவர்

கிங்ஸ்பரியில் ஒரு கராஜில் என் பழைய அமெரிக்கக் காருக்குப் புது சைலன்சர் பூட்டி, கார்புரேட்டரையும் திருத்தித் தந்த மெக்கானிக்கின் பெயரை நான் கேட்கவில்லை. குள்ளமானவர், காதோரம் நரைத்திருந்தது. எஞ்சினின் ஓசையைக் கேட்கும்போது கண்களை இறுக மூடிக்கொள்வார்.

ஓட்டிப் பார்க்கப் போனபோதும், ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள அந்தக் காரில், எனக்கு வலப்பக்கத்து இருக்கையில் அப்படித்தான் கண்ணை மூடியபடி வந்தார். பெரிய வீதியில் ஏறியதும் ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டது. காலை எடுத்த பிறகும் கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. பிரேக்கை உன்னி மிதித்தேன்; வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. முன்னால், நிறுத்தத்தில் ஒரு சிவப்பு பஸ்.

“அண்ணை, காலை எடுத்திட்டன், கார் நிக்குதில்லை!”

“கத்தாதையும் தம்பி. சத்தத்தைக் கேக்க விடும்.” அப்போதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

பஸ்ஸின் பின்புறம் எங்கள் முன்கண்ணாடி முழுவதையும் அடைத்தது. அவர் கையை நீட்டி, தடவிப் பார்த்துச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது. பஸ்ஸுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம்.

“ஆக்சிலேட்டர் கேபிள்தான் சிக்குது. பத்து நிமிச வேலை,” என்றார்.

எப்பேர்ப்பட்ட நெஞ்சுரம் என்று வியந்தபடியே வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். சட்டையின் வலது கைப்பகுதியில் ஐந்து விரல்களின் கிரீஸ் தடம், துணி கசங்கும்படி அப்பியிருந்தது. அவர் எப்போது பிடித்தார் என்றே எனக்குத் தெரியாது. சத்தத்தைக் கேட்கத்தான் கண்ணை மூடியிருந்தாரா என்பதும் தெரியாது.