ரெஜினா மேடம் வாயில் வைத்த ஒரு துண்டு ஈரல்

சனிக்கிழமை காலை பெருங்களத்தூர் நெரிசலில் வண்டி நகராமல் நின்றிருந்தபோது அருள் சாரின் அழைப்பு வந்தது. எப்போதும் "குணா, ஃப்ரீயா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அன்று கேட்கவில்லை. "ரெஜினா போயிட்டாப்பா. விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்தா" என்றார். பின்னால் நின்ற பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்றே எனக்குத் தெரியவில்லை.

ரெஜினா மேடம் அருள் சாரின் மனைவி. தாம்பரத்தைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கு ஜப்பானியர்கள் வரும்போது இரு தரப்புக்கும் நடுவே அமர்ந்து மொழிபெயர்த்தவர். ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்துகொண்டே மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி கற்றவர். நான் ஒரு சிறிய உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவனுக்குப் புகழ்ந்து எழுத வராது. ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலைக்கு முதன்முதலாக வந்த அன்றே எல்லோரையும் நிற்க வைத்து ஒரு விதி சொன்னார். "என் காதுல எது விழுந்தாலும் அவங்களுக்குச் சொல்லிடுவேன். இது தமிழ்தானே, அவங்களுக்குப் புரியாதுன்னு எதையும் பேசிடாதீங்க. அப்புறம் என்னைக் கோச்சுக்கக் கூடாது." நாங்கள் தலையாட்டினோம். யாரும் நம்பவில்லை.

அன்று மதியமே லேத் ஓட்டும் கபாலி மாட்டிக்கொண்டார். ஜப்பானிய நிறுவனத்திலிருந்து சோதனைக்கு வந்திருந்த மோரி சார் அவருடைய எந்திரத்தை மூன்றாவது முறையாகக் குனிந்து பார்த்தபோது, "இந்தாளு வந்தாலே ஒரே பேஜாரா கீதுப்பா" என்று முணுமுணுத்தார். ரெஜினா மேடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதை ஜப்பானிய மொழியில் சொன்னார். முதலாளிக்கு வியர்த்துவிட்டது. மோரி சார் நிமிர்ந்து ஏதோ சொல்ல, மேடம் அதே குரலில் தமிழில் சொன்னார்: "என் மனைவியும் இதைத்தான் சொல்கிறாள்." அவர் மொழிபெயர்க்கும்போது எப்போதும் 'நான்', 'என்' என்றே சொல்வார். பேசுகிறவர் யாரோ, அந்த நேரத்துக்கு அவராகவே ஆகிவிடுவார். ஆகவே மேடத்துக்கு மனைவி இருக்கும் செய்தி அன்று கம்பெனி முழுக்கப் பரவியது.

அவரிடம் நான் கண்டுபிடித்த ஒரே குறை, விருந்துகளில் சாப்பிடாததுதான். மோரி சார் வரும்போதெல்லாம் ஜி.எஸ்.டி. சாலையோர ஹோட்டல் ஒன்றின் மாடியிலிருக்கும் ஜப்பானிய மதுக்கூடத்துக்குப் போவோம். கோழியின் தொடை, தோல், ஈரல் என்று தனித்தனியாக மூங்கில் குச்சியில் கோத்து, கண்ணெதிரே கரியடுப்பில் வாட்டித் தருவார்கள். கூடவே சின்னக் குடுவையில் சாக்கே என்னும் அரிசி மது. நமக்கு நாமே ஊற்றிக்கொள்ளக் கூடாது, அடுத்தவர் கிண்ணத்தைத்தான் நிரப்ப வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். குடிக்காத எனக்கு மோரி சார் தவறாமல் தேநீர் ஊற்றுவார். சாப்பிட்ட குச்சிகளைப் போட ஆளுக்கொரு மூங்கில் குவளை உண்டு. எல்லோருடைய குவளையும் நிரம்பும். மேடத்தின் குவளை மட்டும் காலியாகவே இருக்கும். "வாய்ல வச்ச நேரம் பார்த்து யாராவது பேசிடுவாங்க குணா. வேலை முடியட்டும்" என்பார். வேலை முடியும்போது தட்டு ஆறியிருக்கும்.

இனி அந்த மாலையைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் அனுப்பிய எஃகுப் பின்கள் ஜப்பானிய நிறுவனத்தின் எந்திரத்தில் உடைந்துவிட்டன. சூளையில் சூடேற்றிக் கடினமாக்கியதும் செய்ய வேண்டிய கடினத்தன்மைச் சோதனை, அந்த முறை நடக்கவில்லை. லாரி காத்திருந்தது. சோதிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்னேன். முதலாளி என் கையெழுத்து இல்லாமலே அனுப்பிவிட்டார். அதைப் பற்றிப் பேசத்தான் மோரி சார் வந்திருந்தார். பகல் முழுவதும் தொழிற்சாலையில் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

மாலை மாடிக்குப் போனோம். அமர்ந்த முறை நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பக்கம் மோரி சார். எதிரே முதலாளி, அவர் அருகில் நான். மேசையின் ஓரத்தில் இரு தரப்புக்கும் நடுவே ரெஜினா மேடம். குச்சிகள் வந்தன. முதலாளி ஓயாமல் சாக்கே ஊற்றிக்கொண்டே இருந்தார். மோரி சார் கிண்ணத்தை உதட்டில் வைத்து வைத்துக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். மேடம் சொன்னார்: "சோதிக்காத சரக்கை அனுப்பியது யார்? அதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்."

முதலாளி துடைத்த கையை மறுபடி துடைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. மேடத்தைப் பார்த்து, "க்வாலிட்டி இன்சார்ஜ் பண்ண தப்புன்னு சொல்லுங்க மேடம். அவரை வேலையிலேருந்து எடுத்தாச்சு, இன்னைக்குத்தான் கடைசி நாள்னு சொல்லிடுங்க" என்றார்.

க்வாலிட்டி இன்சார்ஜ் நான்தான். கோழித்தோல் குச்சி ஒன்று என் கையில் பாதியில் நின்றது. வேலை போவது பெரிதில்லை என்று இன்று சொல்லிக்கொள்ளலாம். அன்று அப்படித் தோன்றவில்லை. சோதிக்காமல் அனுப்பியவன் என்று ஜப்பானியர் மேசையில் ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால், இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனியும் அந்த வேலைக்கு என்னை எடுக்காது. காதில் விழுந்ததையெல்லாம் சொல்லிவிடும் மேடத்தின் விதி எனக்குத் தெரியும். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் தன் தட்டைப் பக்கத்தில் இழுத்தார். ஆறிப்போன ஈரல் குச்சியை எடுத்து ஒரு துண்டைக் கடித்து மெல்லத் தொடங்கினார்.

அந்த மேசையில் அவர் சாப்பிட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. முதலாளி, "மேடம், சொல்லுங்க" என்றார். அவர் மென்றார். முதலாளி தன் அரைகுறை ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். மோரி சார் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மேடத்தைப் பார்த்தார், பிறகு என்னை, பிறகு முதலாளியை. அடுப்பில் கொழுப்பு சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மேடம் அவசரமே இல்லாமல் கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டு, குச்சியைத் தன் காலிக் குவளையில் போட்டார். அது விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

வாயைத் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் சொன்னார்: "சார், நீங்க எது சொன்னாலும் நான் சொல்லுவேன். அது என் வேலை. ஆனா நீங்க சொல்ற ஆளு உங்க பக்கத்துலயே உக்காந்திருக்கார். முதல்ல அவர் மூஞ்சியைப் பார்த்து அதைச் சொல்லுங்க. அப்புறம் நான் இவர்கிட்ட சொல்றேன்." உடனே மோரி சார் பக்கம் திரும்பி, தான் இப்போது தமிழில் பேசியதை ஒரு சொல் விடாமல் அவரிடமும் சொன்னார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் கோபம்தான் முதலில் இருந்தது. பிறகு அது இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நான்தான்யா அனுப்பச் சொன்னேன். குணா வேணாம்னுதான் சொன்னாப்ல" என்றார்.

மேடம் அதை மொழிபெயர்த்தார். ஒரு சொல்லையும் மென்மையாக்கவில்லை, கூட்டவும் இல்லை. மோரி சார் குடுவையை எடுத்து முதலாளியின் கிண்ணத்தை நிரப்பிவிட்டுப் பேசினார். மேடம் சொன்னார்: "நாளைக் காலை தொழிற்சாலைக்கு வருகிறேன். இதை நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் விமான நிலையத்துக்குப் போயிருப்பேன்."

இறங்கி வரும்போது, ஏன் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "வாய் காலியா இருந்தா அவர் சொன்னதைச் சொல்லித்தானே ஆகணும். அதான் அடைச்சுக்கிட்டேன்" என்றார். கொஞ்சம் நடந்துவிட்டு, "ஆறிப்போன ஈரல் மாதிரி ஒரு கொடுமை இல்லப்பா" என்று முகத்தைச் சுளித்தார்.

முதலாளி அதன்பின் சில மாதங்கள் மொழிபெயர்க்க வேறொருவரை வைத்துக்கொண்டார். பிறகு அவரே மேடத்துக்குப் போன் செய்தார். "அந்தாளு எல்லாத்தையும் சர்க்கரை போட்டுச் சொல்றாப்ல. கேக்குற எனக்கே நம்பிக்கை வரல" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். முதலாளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மேசையில் என் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொன்னவரும் அவர்தான்.

ஒருநாளாவது சூடாகச் சாப்பிடட்டும் என்று மேடத்தையும் அருள் சாரையும் அதே இடத்துக்கு நான் அழைத்துப் போனேன். ஈரல் வந்து வைத்த அந்த நிமிடம் கதவைத் திறந்துகொண்டு மோரி சார் வந்தார். இனி இந்தியாவுக்கு வரும் வேலை இல்லையாம், கடைசியாக ஒருமுறை வந்தாராம். எங்கள் மேசையிலேயே அமர்ந்துகொண்டார். அவரும் அருள் சாரும் கிரிக்கெட்டும் பேஸ்பாலும் பேசித் தீர்த்தார்கள். மேடம் இரண்டு பக்கமும் 'நான்', 'நான்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். தட்டு ஆறியது.

ஞாயிறு மாலை கல்லறைத் தோட்டத்தில் எங்கள் முதலாளி கடைசி ஆள் போகும் வரை நின்றார். எல்லாம் முடிந்து நான் வாசலுக்கு வந்தபோது மோரி சார் வீடியோ காலில் வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. ஜப்பானிய மொழியில் நீளமாக ஏதோ பேசினார். ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் இறுதிவரை கேட்டேன். பிறகு நான் தமிழில் பேசினேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவரும் குறுக்கிடாமல் கேட்டார். பேசி முடித்ததும் பழக்கத்தில் இருவரும் சற்றுக் காத்திருந்தோம், நடுவிலிருந்து அந்தக் குரல் வருவதற்காக.

போய் வாருங்கள் மேடம். அங்கே யாரும் உங்களை நடுவில் உட்கார வைக்க மாட்டார்கள். வந்த சூட்டோடு சாப்பிடுங்கள்.