பின்சீட்டில் கைதட்டல்

எங்கள் வீட்டில் மாமனார், மாமியார், மூன்று பிள்ளைகளோடு ஏழு பேர். போடியிலிருந்து மலைமேல் உள்ள ஏலத்தோட்டத்துக்கு எல்லோரும் ஒன்றாகப் போய்வர ஒரு கார் தேடினோம். ஆள் நிறைய உட்கார வேண்டும், எண்ணெயும் அதிகம் குடிக்கக் கூடாது. கடைசியில் ஒரு பழைய டீசல் கார் அமைந்தது. பின்புறம் பார்த்து உட்காரும் பெஞ்சு சீட்டு ஒன்று அதில் கூடுதலாக இருந்தது.

"எறக்கத்துல என்ஜினை ஆஃப் பண்ணி விட்டுருங்கண்ணே, டீசலே செலவாகாது" என்று புரோக்கர் சொன்னதை என் கணவர் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

முதல் தடவை போடிமெட்டிலிருந்து இறங்கும்போதே என்ஜினை நிறுத்தினார். சத்தமில்லாமல் கார் வழுக்கிக்கொண்டு போனது எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. பிரேக்கை மிதித்து மிதித்தே சில வளைவுகள் தாண்டியதும் கருகல் வாடை வந்தது.

"ஆத்தி, பிரேக்கு பிடிக்கலயே!" என்று அலறியவர், பதறிப்போய் கியரைப் போட்டு, காரை மலைப்பக்கத்து வாய்க்காலில் இறக்கினார். பாறையில் உரசிக்கொண்டே போய் நின்றது. எதிரே வந்த வளைவைப் பார்க்காத பிள்ளைகளோ, "இன்னொரு தடவப்பா!" என்று பின்சீட்டில் கைதட்டினார்கள்.

இப்போதும் அதே கார்தான். பிரேக்கை மட்டும் நம்பாமல், என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி, ஏறும்போது போட்ட கியரிலேயே உறுமிக்கொண்டு இறங்குகிறோம். இறக்கம் முடியும்வரை நான் யாரோடும் பேசுவதில்லை. என் காது என்ஜின் சத்தத்திலேயே இருக்கும்.

போன வாரம் எங்களோடு வந்த என் அப்பா, "என்ன மாப்ளே, எறக்கத்துலயும் இப்படி எண்ணெயக் குடிக்குது?" என்றார்.

"குடிக்கட்டும் மாமா" என்றார் என் கணவர். "பின்னாடி பிள்ளைக இருக்குல்ல."