ரேடியோவைச் சத்தமாக வைத்த கலையரசன்

கலையரசன் ஜெயித்து வாங்கியவற்றை அவன் அக்கா யமுனா வரிசை மாறாமல் சொல்வாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவன் பத்தாவது தேறினான். பார்வையுள்ள பிள்ளைகளோடு சதுரங்கம் ஆடிக் கோப்பை வாங்கினான். மசாஜ் பயிற்சியில் சான்றிதழ் வாங்கினான். பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குத் தனியாக பஸ் மாறிப் போக முடியாது என்று பந்தயம் கட்டிய அத்தானிடம் ஒரு தட்டு பிரியாணி வாங்கினான்.

ஒன்றுதான் பாக்கி. பிரெய்லில் கடகடவென்று எழுதுகிறவன், கையெழுத்து என்றால் கட்டைவிரலை நீட்டிவிடுவான்.

"போட்டுத்தான் பாரேன்டா."

"விரல் என்னுதுன்னு எனக்குத் தெரியும்க்கா. எழுத்து எப்படி இருக்குன்னு நீதானே சொல்லணும்? நீ சிரிப்ப."

வேலை ஸ்ரீரங்கத்தில், லின்சி மேடம் நடத்தும் மசாஜ் நிலையத்தில். ஒரே கூடம், கட்டிலுக்குக் கட்டில் நடுவே துணித்திரை. அங்கேதான் அந்த மாசி மாதம் முகுந்தன் மாமா வந்தார். பெருமாள் புறப்பாட்டில் பல்லக்குக்குத் தோள் கொடுக்கிறவர். பங்குனித் திருநாள் நெருங்கியது. தோளோ இறுகிக் கிடந்தது.

"சுகர், பிரஷர், இதய வியாதி, மாத்திரை ஏதாவது உண்டுங்களா மாமா?"

"ஒண்ணும் கிடையாது. கல்லு மாதிரி இருக்கேன். நன்னா அழுத்திப் பிடி."

கலையரசன் அழுத்திப் பிடித்தான்.

மறுநாள் மாமி வந்து நின்றார். பின்னால் பதுங்கிய மாமாவின் மேல்துண்டை விலக்கிக் காட்டினார். "பாரும்மா, தோள் கத்திரிக்காய் நிறத்துல கன்னிப்போயிருக்கு. கண்ணு தெரியாதவன் கையில குடுத்தா வேறென்ன ஆகும்?"

லின்சி மேடம் மாமியைச் சமாதானம் செய்து அனுப்பினார். சாயங்காலம், "காரணம் தெரியிற வரைக்கும் நீ பாதம் மட்டும் பாரு, கலை" என்றார். பாதம் மட்டும் பார்க்க ஓர் ஆள் எத்தனை நாளைக்குத் தேவைப்படும் என்று இருவருக்கும் தெரியும்.

வீட்டில் தோசை ஆறிப்போனது. "கேட்டேன்க்கா. இல்லைன்னுட்டாரு."

"எப்படிக் கேட்ட? கேட்ட மாதிரியே கேளு" என்றாள் யமுனா. எதையும் முதலிலிருந்து பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி.

அவன் கேட்டுக் காட்டினான். அந்தக் குரலுக்கு எதிர்வீட்டு நாய் குரைத்தது. கலையரசன் சட்டென்று நிறுத்தினான். "அக்கா, பக்கத்துக் கட்டில்ல அவரோட சேர்ந்து பல்லக்குத் தூக்குறவர் படுத்திருந்தாரு. என்ன ஓய்னு மாமாவைக் கூப்பிட்டாரு. அவர் காதுபட எப்படிச் சொல்லுவாரு?" தட்டை இழுத்துக்கொண்டு, "முதல் நாளே அவ்வளவு அழுத்தினது என் தப்புதான்" என்றான். பிறகு தோசையைச் சாப்பிட்டான்.

அடுத்த நாள் கலையரசன் மாமாவையும் மாமியையும் நிலையத்துக்கு வரவழைத்து, லின்சி மேடத்தையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, திரைக்கு அப்பால் பேச்சு கேட்காதபடி கூடத்து ரேடியோவை அலறவிட்டான். மாமாவின் காதோரம் குனிந்து அதே கேள்வியைக் கேட்டான்.

மாமா அருகில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "போன ஐப்பசியில இதயத்துல ஸ்டென்ட் வெச்சுண்டேன்டா. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறேன். தெரிஞ்சா என்னைப் பல்லக்குக் கிட்டவே விடமாட்டா."

"அந்த மாத்திரைக்கு லேசா அமுக்கினாலே கன்றிப்போகுமே" என்றார் லின்சி மேடம்.

மாமி கணவர் பக்கம் திரும்பினார். "ஏன்னா, அன்னிக்கு இந்தப் பிள்ளை கேட்டானா, இல்லையா?"

"கேட்டான்."

"நான் அவனைப் போய்த் திட்டிட்டேனே."

"என் வாயால வெளியில போகாதுங்க மாமா" என்றான் கலையரசன். "ஆனா டாக்டர் சரின்னு சொல்லாம தோள்ல கை வைக்க மாட்டேன். பல்லக்கையும் அவர்கிட்டயே கேட்டுடுங்க."

"மாமி ஒருத்தி போதாதுன்னு நீ வேறயா?" என்றார் மாமா. ஆனாலும் போய்க் கேட்டார். இந்த வருஷம் தோள் கொடுக்க வேண்டாம், லேசாகப் பிடித்துவிடலாம் என்றார் டாக்டர். மாமா தம் ஆட்களிடம் தாமே விஷயத்தைச் சொன்னார். அவர்கள் மாமாவுக்குப் பெருமாள் குடை பிடிக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

லின்சி மேடம் புது ஏற்பாடு செய்தார். இனி வருகிறவர்களைத் தனியறையில், கதவைச் சாத்திக் கேட்க வேண்டும். கேட்கிற ஆள் கலையரசன். கேட்டவர்தான் வருகிறவருடைய விவர அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். கட்டைவிரல் வைக்க மேடம் மைப்பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினார்.

"அது வேணாம் மேடம். ஒரு வாரம் டைம் குடுங்க."

யமுனா பழைய காலண்டர் அட்டையில் நீளமாக ஒரு சந்து வெட்டி, பேனா அதற்குள்ளேயே ஓடும்படி செய்துகொடுத்தாள். முதல் நாள் 'லை' போய் 'க' மேல் ஏறி உட்கார்ந்தது. அக்கா சிரித்தாள், தம்பியும் சிரித்தான். வாரக் கடைசியில் எழுத்துகள் ஒன்றையொன்று இடிக்காமல் நின்றன.

முதல் அட்டை முகுந்தன் மாமாவுடையது. கீழே, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்து, 'கலையரசன்'. பக்கத்தில் தேதியும் அவனே போட்டான்: 14.3.2024.